தராசை நிறுப்பது எப்படி?

தலைவர் என்னை அறிமுகம் செய்தபோது, பிரபஞ்சம் எப்படி முடியப் போகிறது என்று நான் இன்று சொல்லப்போவதாக அறிவித்துவிட்டார். அவ்வளவு பெரிய வாக்கைக் காப்பாற்ற எனக்கு வக்கில்லை. நான் பேச வந்தது கொஞ்சம் சின்ன விஷயம். பிரபஞ்சம் விரிகிறது, விரியும் வேகமும் கூடிக்கொண்டே போகிறது என்கிறார்கள். அதை இனிமேல் எப்படிச் சோதிக்கப் போகிறார்கள் என்பதுதான் அது.

உள்ளே வரும்போது வாசலில் ஒரு மாணவி என்னை நிறுத்தினாள். பிளஸ் டூ படிக்கிறாளாம். "அதுக்கு 2011லேயே நோபல் பரிசு கொடுத்தாச்சே சார், இன்னும் எதுக்குச் சோதனை?" என்று கேட்டாள். இந்த ஒரு மணி நேரப் பேச்சும் அவளுக்கான பதில்தான். மற்றவர்கள் உடன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்லை மேலே எறிந்தால் அதன் வேகம் குறையும். பூமி இழுக்கிறது. கேலக்சிகளும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போனாலும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன, ஆகவே விலகும் வேகம் காலப்போக்கில் தளர வேண்டும். எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று அளக்கத்தான் 1990களில் இரண்டு குழுக்கள் இறங்கின. ஒன்றுக்குத் தலைவர் சால் பெர்ல்மட்டர். மற்றதற்கு பிரையன் ஷ்மிட், அவரோடு ஆடம் ரீஸ். மூவரும் பிரேக்கின் பலத்தை அளக்கப் போனவர்கள். 1998இல் திரும்பி வந்து, வண்டி ஆக்ஸிலரேட்டரில் போகிறது என்றார்கள்.

அவர்கள் எதை வைத்து அளந்தார்கள் என்பதில் நமக்குச் சொந்தமான ஒரு கதை இருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த ஓர் இளைஞர் 1930இல் பம்பாயில் கப்பல் ஏறினார். வயது 19. பெயர் சுப்ரமணியன் சந்திரசேகர். எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீன் எவ்வளவு எடை வரை தன்னைத் தாங்கி நிற்கும் என்று அந்தப் பயணத்தில் கணக்குப் போட்டார். நம் சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு என்பது இன்று நாம் சொல்லும் வரம்பு. சூரியனைப் போன்ற விண்மீன்கள் கடைசியில் வெண்குள்ளன்களாகச் சுருங்கும். அப்படிப்பட்ட ஒன்று பக்கத்துத் துணை விண்மீனிடமிருந்து பொருளைச் சிறுகச் சிறுக உறிஞ்சி அந்த வரம்பை நெருங்கினால், மொத்தமாக வெடித்துச் சிதறும். அதுதான் ஒன்று-ஏ வகை சூப்பர்நோவா. இரண்டு வெண்குள்ளன்கள் மோதி வெடிப்பதும் உண்டு என்கிறார்கள். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

எப்படி வெடித்தாலும் இவற்றின் பிரகாசம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறது. 'ஏறக்குறைய' என்ற சொல்லைக் கவனியுங்கள், திரும்ப வருவேன். தெருக்கோடியில் எரிவது நாற்பது வாட் பல்பு என்று முன்பே தெரிந்தால், அது எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதை வைத்துத் தெரு எவ்வளவு நீளம் என்று சொல்லிவிடலாம். சூப்பர்நோவா அந்த பல்பு. அது இருக்கும் கேலக்சியின் ஒளி எவ்வளவு சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால், ஒளி கிளம்பியதிலிருந்து பிரபஞ்சம் எத்தனை மடங்கு விரிந்தது என்பது கிடைக்கும். தூரமும் செம்பெயர்ச்சியும் கையில் இருந்தால் விரிவின் வரலாற்றை எழுதிவிடலாம். தொலைவில் இருந்த சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்தன. அதாவது நினைத்ததைவிடத் தள்ளி இருந்தன. அவ்வளவுதான் 1998இன் கண்டுபிடிப்பு.

உடனே ஒரு கேள்வி எழுந்தது, நியாயமான கேள்வி. பல்பு தூரத்தில் இருப்பதால்தான் மங்கல் என்று எப்படிச் சொல்வது? நடுவில் தூசி இருந்தால்? மார்கழிப் பனியில் பக்கத்துத் தெரு விளக்கும் அடுத்த ஊர் விளக்கு மாதிரிதான் தெரியும். சாதாரணத் தூசி ஒளியைச் சிவக்கவைத்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். எல்லா நிறத்தையும் சமமாக மறைக்கும் சாம்பல் தூசி இருந்தால் மாட்டிக்கொள்ளாது. அதைப் பிடிக்க ஒரு வழி கண்டார்கள். தூசி என்றால் தூரம் போகப் போக மங்கல் கூடிக்கொண்டே போக வேண்டும். முடுக்கம் என்றால் அப்படி நடக்காது. மிகப் பழைய காலத்தில் பொருள் நெருக்கமாக இருந்தது, ஈர்ப்பு ஓங்கியிருந்தது, விரிவு அப்போது தளர்ந்துகொண்டுதான் இருந்தது. சுமார் 500, 600 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் முடுக்கம் மேலோங்கியது. ஆகவே மிகத் தொலைவு சூப்பர்நோவாக்கள், தூசிக் கணக்கு சொல்வதைவிடப் பிரகாசமாகத் தெரிய வேண்டும். ஹபிள் தொலைநோக்கியை வைத்துத் தேடினார்கள். 2004இல் ரீஸ் குழு வெளியிட்ட முடிவு அப்படியே இருந்தது. சாம்பல் தூசி தோற்றது.

சந்தேகப்பட்டவர்கள் இல்லாவிட்டால் இந்த அறிவியல் இத்தனை உறுதியாகி இருக்காது. அவர்கள் பெயர் பரிசுப் பட்டியலில் வராது என்பது வேறு விஷயம்.

இப்போது மாணவியின் கேள்விக்கு வருகிறேன். பரிசு, முடுக்கம் நடக்கிறது என்று கண்டதற்கு. எது முடுக்குகிறது என்பதற்குப் பரிசு வாங்க இன்னும் யாரும் பிறக்கவில்லை, அல்லது பிறந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறார். கரும் ஆற்றல் என்று ஒரு பெயர் வைத்திருக்கிறோம். பிரபஞ்சத்தில் சுமார் 68 சதவீதம் அதுதான் என்கிறோம். பெயர் வைத்துவிட்டால் தெரிந்துவிட்ட மாதிரி ஒரு மயக்கம் வந்துவிடுகிறது.

அது என்ன என்று நேராகக் கேட்க வழியில்லை. அது எப்படி நடந்துகொள்கிறது என்று கேட்கலாம். ஒரு பெட்டியில் கொஞ்சம் பொருளை அடைத்துவைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றும் இரட்டிப்பானால், உள்ளே இருக்கும் பொருளின் அடர்த்தி எட்டில் ஒன்றாகும். ஒளியாக இருந்தால் பதினாறில் ஒன்றாகும், அலைநீளமும் சேர்ந்து நீள்வதால். 1917இல் ஐன்ஸ்டைன் தன் சமன்பாட்டில் ஒரு மாறிலியைச் சேர்த்தார். அது இருந்தால், பெட்டி எவ்வளவு பெருத்தாலும் அதன் அடர்த்தி மாறவே மாறாது. வெற்றிடத்துக்கே உரிய சொத்து அது. வெற்றிடம் கூடினால் சொத்தும் கூடும்.

இந்த நடத்தையை ஒரே எண்ணில் அடக்கிவிட்டார்கள். அதற்கு 'டபிள்யூ' என்று பெயர். ஐன்ஸ்டைனின் மாறிலி என்றால் அது சரியாக மைனஸ் 1. மைனஸ் 0.9 என்று வந்தால், கரும் ஆற்றலும் விரிவில் மெதுவாக நீர்த்துப்போகிறது என்று பொருள். மைனஸ் 1.1 என்றால் விரிய விரியத் தடித்துக்கொண்டே போகிறது. காலத்தோடு மாறும் எண்ணாகவும் இருக்கலாம். உலகின் பெரிய தொலைநோக்கிகள் சிலவும் பல ஆயிரம் விஞ்ஞானிகளும் இப்போது ஓடிக்கொண்டிருப்பது இந்த ஒரு கேள்விக்குப் பின்னால்தான்: அந்த எண் மைனஸ் ஒன்றா, இல்லையா?

கேள்வி சின்னதாகத் தோன்றும். மைனஸ் 1க்கும் மைனஸ் 0.95க்கும் உள்ள வித்தியாசம் தெரிய, பல நூறு கோடி ஒளியாண்டுத் தூரங்களை ஒரு சதவீதத்துக்கும் குறைவான பிழையில் அளக்க வேண்டும். அங்கேதான் தராசு வருகிறது.

நம் ஊர் மளிகைக் கடைகளில் எடைக்கல்லுக்கு முத்திரை ஆய்வாளர் வந்து முத்திரை போடுவார். அவரிடம் ஒரு கல் உண்டு, அதை வைத்துக் கடைக்காரர் கல்லைச் சரிபார்ப்பார். ஆய்வாளர் கல்லை வேறொரு கல் சரிபார்க்கும். விண்ணியலில் இந்தச் சங்கிலிதான் முக்கால்வாசி வேலை. படம் எடுப்பது ஒரு பங்கு, எடுத்த படத்தை எவ்வளவு நம்பலாம் என்று பார்ப்பது மூன்று பங்கு.

சூப்பர்நோவாவை முழுதும் நம்பாமல் வேறொரு அளவுகோல் தேடினார்கள். கிடைத்தது அழகான ஒன்று. பிரபஞ்சம் பிறந்து முதல் 3,80,000 ஆண்டுகள் வரை அது கொதிக்கும் குழம்பாக இருந்தது. அந்தக் குழம்பில் ஒலி அலைகள் ஓடின, ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில். குளத்தில் கல் விழுந்தால் வளையம் விரிகிற மாதிரி. பிறகு குழம்பு ஆறியது, வளையங்கள் போன இடத்திலேயே உறைந்தன. அந்த வளையங்களின் மேல் கேலக்சிகள் கொஞ்சம் கூடுதலாகப் பிறந்தன. வளையத்தின் ஆரம் இன்றைய கணக்கில் சுமார் 49 கோடி ஒளியாண்டு. எண்ணற்ற வளையங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கிடப்பதால் கண்ணுக்குத் தெரியாது. லட்சக்கணக்கான கேலக்சிகளின் இடைத்தூரங்களை எண்ணிப் பார்த்தால் அந்த ஓரிடத்தில் மட்டும் மெல்லிய மேடு தெரியும். 2005இல் அந்த மேட்டைக் கண்டார்கள். நீளம் தெரிந்த அளவுகோல் வானம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது! தூரத்தில் அது எவ்வளவு சிறிதாகத் தெரிகிறது என்று பார்த்தால் தூரம் கிடைத்துவிடும். தூசி இதை ஒன்றும் செய்யாது.

இந்த அளவுகோலை வைத்து அளப்பதற்கென்றே அரிசோனாவில் கிட் பீக் மலைமேல் டெசி என்ற கருவி இருக்கிறது. அதன் முன்னோடியான ஸ்லோன் கணக்கெடுப்பில், அலுமினியத் தட்டில் கேலக்சிகள் இருக்கும் இடங்களில் துளை போட்டு, ஒவ்வொரு துளையிலும் கண்ணாடி இழையைக் கையால் செருகினார்கள். பூக்காரர் சரம் கட்டுகிற மாதிரியான வேலை. டெசியில் அதை 5,000 குட்டி ரோபோக்கள் செய்கின்றன, சில நிமிடங்களில் அடுத்த 5,000 கேலக்சிகளுக்குத் திரும்பிவிடுகின்றன. 2022 ஜூனில் காட்டுத்தீ அந்த மலையுச்சி வரை ஏறியது. தொலைநோக்கி தப்பியது நம் அதிர்ஷ்டம்.

2025 மார்ச்சில் டெசி தன் மூன்றாண்டுத் தரவின் முடிவை வெளியிட்டது. ஏறத்தாழ ஒன்றரைக் கோடி கேலக்சிகளும், குவேசார்கள் எனப்படும் மிகப் பிரகாசமான கேலக்சி மையங்களும். அதை, அந்தக் குழம்பு ஆறியபோது கிளம்பிய ஆதிக் கதிர்வீச்சின் அளவீட்டோடும் சூப்பர்நோவாக்களோடும் சேர்த்துப் பார்த்தபோது, கரும் ஆற்றல் மாறாதது என்பதைவிட, காலப்போக்கில் தளர்கிறது என்ற கணக்கே தரவுக்கு நன்றாகப் பொருந்தியது. ஐன்ஸ்டைனின் மாறிலி மாறுகிறதா என்று பத்திரிகைகள் தலைப்புப் போட்டன.

தலைப்புக்குக் கீழே படியுங்கள். அந்த முடிவின் உறுதியை சிக்மா என்ற அளவில் சொல்வார்கள். மூன்று சூப்பர்நோவாத் தொகுப்புகள் இருந்தன. டெசியின் அளவுகோல் ஒன்றேதான், ஆதிக் கதிர்வீச்சும் ஒன்றேதான். முதல் தொகுப்பைச் சேர்த்தால் 2.8 சிக்மா, இரண்டாவதைச் சேர்த்தால் 3.8, மூன்றாவதைச் சேர்த்தால் 4.2. ஒரே மூட்டை அரிசியை மூன்று கடையில் நிறுத்தால் மூன்று எடை! அரிசியைச் சந்தேகிப்பதா, தராசைச் சந்தேகிப்பதா?

மூன்றாவது தொகுப்பு டார்க் எனர்ஜி சர்வே குழுவுடையது. சிலியில் உள்ள தொலைநோக்கியில் சேகரித்தது. அவர்களே தங்கள் எடைக்கற்களை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். கேமராவின் ஒளி அளவீட்டைத் திருத்தி, 2025 நவம்பரில் மறு கணக்கை வெளியிட்டார்கள். 4.2 என்பது 3.2 ஆனது. கேட்க ஒன்றும் பெரிய மாற்றமாகத் தெரியாது. 4.2 என்றால், தற்செயலாக அப்படி வர 37 ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. 3.2 என்றால் சுமார் 700இல் ஒன்று. வானத்தில் எதுவும் மாறவில்லை, கல்லைத் துடைத்து வைத்தார்கள், அவ்வளவுதான். தங்கள் முடிவைத் தாங்களே பலவீனமாக்கி வெளியிட்ட அந்தக் குழுவுக்கு என் வணக்கம்.

அதே மாதம் தென்கொரியாவின் யோன்செய் பல்கலைக்கழகக் குழு இன்னொரு குண்டைப் போட்டது. 'ஏறக்குறைய ஒன்றாக' என்று சொன்னேனே, அங்கேதான் கை வைத்தார்கள். சூப்பர்நோவாவின் பிரகாசம் அது பிறந்த விண்மீன் கூட்டத்தின் வயதைப் பொறுத்து மாறுகிறது, அதைத் திருத்தினால் பிரபஞ்சம் இப்போது முடுக்கத்திலேயே இல்லை, தளரத் தொடங்கிவிட்டது என்பது அவர்கள் வாதம். மற்றவர்கள் இதை எளிதில் ஏற்கவில்லை. என்னைக் கேட்டால், முடுக்கமே இல்லை என்ற அளவுக்குப் போக நான் தயாரில்லை. சூப்பர்நோவாவைத் தொடாத சாட்சிகளும் முடுக்கத்தின் பக்கம் இருக்கின்றன. ஆனால் வயதுக் கேள்வி சரியான கேள்வி. பல்பு தயாரித்த ஆண்டைப் பொறுத்து வாட் மாறுமானால், தூரத்துத் தெருவில் எரிவதெல்லாம் பழைய மாடல்தானே?

இதற்கெல்லாம் பதில் வரப்போகும் இடங்களில் முதலாவது, சிலியின் செர்ரோ பச்சோன் மலையில் உள்ள வேரா ரூபின் ஆய்வகம். 8.4 மீட்டர் ஆடி. 320 கோடி பிக்சல் கேமரா, ஒரு சிறிய கார் அளவு. ஒரே படத்தில் நாற்பது முழுநிலவுகளை அடக்கும் வானம். முதல் படங்கள் 2025 ஜூனில் வந்தன. பத்தாண்டுகள் தென்வானம் முழுவதையும் சில இரவுகளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப எடுப்பதுதான் திட்டம். இப்போது கையில் உள்ள நல்ல சூப்பர்நோவாக்கள் ஆயிரக்கணக்கில். ரூபின் அவற்றை லட்சக்கணக்கில் தரும்.

எண்ணிக்கையைப் பார்த்து நான் மயங்கவில்லை. கோணல் தராசில் லட்சம் முறை நிறுத்தாலும் கோணல் கோணல்தான். ரூபினில் எனக்குப் பிடித்தது வேறு. இதுவரை கிட்டத்துச் சூப்பர்நோவாக்களை ஒரு தொலைநோக்கி அளந்தது, தூரத்தில் உள்ளவற்றை வேறொன்று அளந்தது. இரண்டு கடைக் கற்களை ஒட்டவைத்த இடத்தில்தான் பிழை புகுந்தது. ரூபினில் கிட்டத்தவை, தூரத்தவை பெரும்பாலும் ஒரே கேமரா, ஒரே ஆறு வடிகட்டிகள் வழியாக வரும். அதோடு பெரிய தொலைநோக்கிக்குப் பக்கத்திலேயே 1.2 மீட்டரில் ஒரு துணைத் தொலைநோக்கி வைத்திருக்கிறார்கள். அதன் வேலை புதிதாக எதையும் கண்டுபிடிப்பது இல்லை. அந்த இரவில் மலைக்கு மேலே உள்ள காற்று எவ்வளவு ஒளியைத் தின்கிறது என்று பார்ப்பது. முத்திரை ஆய்வாளரைக் கடையிலேயே குடிவைத்த மாதிரி.

இரண்டாவது, ஐரோப்பாவின் யூக்ளிட். 2023 ஜூலை 1இல் ஏவினார்கள். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. அது சூப்பர்நோவாவைப் பிரதானமாக நம்பவில்லை, கேலக்சிகளின் உருவத்தைப் பார்க்கிறது. குளிக்கும் அறைச் சன்னலின் நெளிந்த கண்ணாடி வழியே வாசல் கோலத்தைப் பார்த்தால் புள்ளிகள் எல்லாம் ஒரு பக்கம் இழுபட்டுத் தெரியுமல்லவா? வழியில் உள்ள, கண்ணுக்குத் தெரியாத ஆனால் ஈர்ப்புள்ள கரும்பொருள் தூரத்துக் கேலக்சிகளின் ஒளியை அப்படி வளைக்கிறது. ஒரு கேலக்சியை மட்டும் பார்த்தால் தெரியாது, அது பிறவியிலேயே சாய்ந்திருக்கலாம். நூற்றுக்கணக்கானவற்றின் சாய்வைக் கூட்டிச் சராசரி எடுத்தால் பிறவிச் சாய்வு அழிந்து, கண்ணாடியின் நெளிவு மிஞ்சும். யூக்ளிட் 150 கோடி கேலக்சிகளின் உருவத்தை அளக்கத் திட்டமிட்டிருக்கிறது. வானத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஆறு ஆண்டு வேலை.

இதில் ஒரு லாபம் உண்டு. பிரபஞ்சம் எப்படி விரிந்தது என்பது ஒரு கணக்கு. அந்த விரிவுக்குள் கேலக்சிக் கூட்டங்கள் எப்படித் திரண்டு வளர்ந்தன என்பது வேறு கணக்கு. கரும் ஆற்றல் உண்மையானால் இரண்டும் ஒரே டபிள்யூவைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், கரும் ஆற்றல் என்று ஒன்றே இல்லாமல், ஐன்ஸ்டைனின் ஈர்ப்பு விதியே பெருந்தொலைவில் மாறுகிறதோ என்று பார்க்க வேண்டியிருக்கும்.

யூக்ளிடின் தராசுக் கதையைச் சொல்லாமல் விட முடியாது. 2023 நவம்பரில், அவர்கள் அடிக்கடி பார்த்துவைக்கும் விண்மீன்கள் கொஞ்சம் மங்குவது தெரிந்தது. விண்மீன் மங்கவில்லை. பூமியிலிருந்து விண்கலத்தோடு ஒட்டிச் சென்ற ஈரம் வெளிவந்து ஆடியில் பனியாகப் படிந்திருந்தது. தடிமன் நானோமீட்டர் கணக்கில், டிஎன்ஏ இழை அளவு. 2024 மார்ச்சில் ஓர் ஆடியை மட்டும் மைனஸ் 147 டிகிரியிலிருந்து மைனஸ் 113க்குச் சூடாக்கினார்கள். ஒளி 15 சதவீதம் கூடிவிட்டது! தெரிந்த விண்மீன்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் அலுப்பான வேலையை யாரோ விடாமல் செய்ததால் இது பிடிபட்டது. விட்டிருந்தால் அந்தப் பனியும் ஒரு நாள் கரும் ஆற்றலின் கணக்கில் ஏறியிருக்கும்.

மூன்றாவதான நான்சி கிரேஸ் ரோமன் தொலைநோக்கியைப் பற்றி இரண்டு வார்த்தை. 2027 மே மாதத்துக்குள் ஏவுவதாக நாசா சொல்லியிருக்கிறது. ஹபிள் அளவு ஆடி, ஹபிளைப்போல் குறைந்தது நூறு மடங்கு வானம். அந்த 2.4 மீட்டர் ஆடி அமெரிக்க உளவுத்துறைக்காகச் செய்தது, 2012இல் நாசாவுக்கு இலவசமாக வந்தது. பூமியை வேவுபார்க்கச் செய்த ஆடி வானத்துக்குத் திரும்புகிறது என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். அகச்சிவப்பில் பார்ப்பதால், தூசியைத் தாண்டி மிகத் தொலைவுச் சூப்பர்நோவாக்களை அது பிடிக்கும்.

கடைசியாக ஒரு தராசு மிச்சம் இருக்கிறது, நம் ஆசை. விடை இதுதான் வர வேண்டும் என்று மனதில் இருந்தால், அது வரும் வரை பிழை தேடுவோம், வந்ததும் தேடுவதை நிறுத்துவோம். இதற்காக டெசி குழுவினர் தங்கள் தரவைத் தாங்களே மறைத்துக்கொள்கிறார்கள். கேலக்சிகளின் இடங்களைக் கணினி ஒரு ரகசிய அளவுக்கு நகர்த்திவிடும். உண்மை விடை யாருக்கும் தெரியாது. எல்லா வழிமுறைகளையும் முடிவுசெய்து, இனி மாற்ற மாட்டோம் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் திரையை விலக்குவார்கள். விடை பிடிக்காவிட்டாலும் அதைத்தான் வெளியிட வேண்டும். நம் பரீட்சைத் தாள்களில் பெயரை மறைத்துத் திருத்துகிறோமே, அதுபோல. இங்கே திருத்துபவரும் எழுதியவரும் ஒரே ஆள் என்பதுதான் சங்கடம்.

ஆகவே அடுத்த சில ஆண்டுகளில் ஐன்ஸ்டைன் தோற்றார் என்றோ ஜெயித்தார் என்றோ செய்தி வந்தால், எத்தனை சிக்மா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். ஒன்றையொன்று சாராத எத்தனை முறைகள் அதைச் சொல்கின்றன என்று கேளுங்கள். சூப்பர்நோவாவுக்குத் தூசியும் வயதும் எதிரி. ஒலி வளையத்துக்கு அவை எதிரி இல்லை. ஒளிவளைவுக்கு மங்கலான படம் எதிரி. எதிரிகள் வெவ்வேறாக இருக்கும் மூன்று முறைகள் ஒரே எண்ணுக்கு வந்து நின்றால் நான் நம்புவேன். இன்றைய நிலையில் மாறும் கரும் ஆற்றல் என்பது கேட்கத் தகுந்த வழக்கு, தீர்ப்பு வந்த வழக்கு இல்லை.

வாசலில் கேட்ட பிள்ளைக்கு: யூக்ளிடின் முதல் பெரிய தரவு வெளியீட்டை 2026 அக்டோபருக்குக் குறித்திருக்கிறார்கள். அது உலகில் யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கும்படி பொதுவில் வரும். நீ பட்டம் வாங்கும்போது ரூபினின் பத்தாண்டுக் கணக்கெடுப்பு பாதிகூடத் தாண்டியிருக்காது. புள்ளியியலும் கொஞ்சம் நிரல் எழுதவும் இப்போதே படித்து வை, அம்மா. முத்திரை ஆய்வாளர் வேலைக்கு ஆள் போதவில்லை.